தெற்குக் குழாய்

சத்தியமாகச் சொல்கிறேன், கோரையாற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது, கூட்டிச் சொன்னதும் கிடையாது, நம்பமாட்டீர்களே என்று சில இடங்களில் குறைத்திருப்பேன், அவ்வளவுதான்... செத்தது யார் என்று மருதையன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குஞ்சிதபாதம் நாயனத்தை வாயிலிருந்து எடுத்து மூச்சு வாங்கிய இடைவெளியில், வாசற்படிக்கு வெளியே நின்ற தெற்குத் தெருக் காத்தான், "தெற்குக் குழாய அணைச்சிருங்க ரேடியோக்காரரே" என்றான், மருதையனின் கை தானாகப் போய் நாலாவது சுவிட்சைக் கீழே தள்ளியது, வாய் மட்டும் திறக்கவில்லை, திறந்து யாரு என்று ஒரு வார்த்தை கேட்பதற்குள் மறுபடியும் தோடி தொடங்கிவிட்டது, பஞ்சாயத்து அறைக்குள் நாயனம் என்றால் அதற்கு மைக்கே வேண்டாம், சுவர்ச் சுண்ணாம்பு தானாக உதிரும், மூலையில் இருக்கும் பல்லி இடம் மாறிக்கொள்ளும். காத்தான் இன்னும் கொஞ்சம் நின்றான், கேட்பார் என்று நின்றானோ, முழங்கால்வரை காய்ந்த சேறு, துண்டு தோளிலும் இல்லை தலையிலும் இல்லை, கையில் சுருட்டிப் பிடித்திருந்தான், பிறகு போய்விட்டான். போனவனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கேட்காதவரைக்கும் யாராகவும் இருக்கலாம் அல்லவா, கேட்டுவிட்டால் ஒருத்தராகத்தானே இருக்க முடியும்.

சித்தனாம்பூர்ப் பஞ்சாயத்து ரேடியோவுக்கு மருதையன் ஆபரேட்டர். ஆட்சி மாறிய மறுவருஷம் நட்ட கம்பம், உச்சியில் நாலு தெருவைப் பார்த்து நாலு ஒலிபெருக்கிக் குழாய், கீழே ஓட்டுக் கட்டடத்தில் ஒரு அறை, அறைக்குள் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் கல்யாணம் காட்சி எதுவும் ஆகாத அவன். சாயங்காலம் திருச்சி நிலையத்தைப் பிடித்து, வயலுக்கு என்ன உரம் போடலாம் என்பதையும் செய்தியையும் ஊருக்கு விடவேண்டும், அதற்குத்தான் சம்பளம். ஒரு கார்த்திகை அடைமழையில் பெட்டியின் வால்வு எரிந்து திருச்சி வாயடைத்துப்போனது, மைக் மட்டும் உயிரோடு இருந்தது, ரேடியோ ஏன் பேசவில்லை என்று மேலத் தெருவிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தது, மருதையன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வணக்கம், இது உள்ளூர் அரங்கம்" என்றான், ஏன் சொன்னான் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. அன்றைக்குப் பக்கத்து டீக்கடைக் காதர் மைதீன் ஒரு பாட்டுப் பாடினார், மழை நின்றது, சாட்சி இருக்கிறது. புது வால்வு வந்த பிறகும் ஊர் அரங்கத்தை விடவில்லை. பூம்புகார்ப் பக்கத்திலிருந்து ஒரு மீன்காரர் வந்து வலையிழுக்கும் பாட்டுப் பாடினார், அவர் ஏலேலோ என்று இழுக்க இழுக்க வடக்குத் தெருவில் கட்டியிருந்த மாடுகள் முளையோடு கிளம்பிக் கம்பத்தடிக்கு வந்து நின்றன. அரிசி மில் சத்தத்தை வாயாலேயே எழுப்பும் ஒருவர் வந்தார், அவர் முடிப்பதற்குள் வாசலில் நெல் மூட்டையோடு இரண்டு பேர். இன்றைக்குத் திருவிடைமருதூர் குஞ்சிதபாதம், ஒரு காது கேட்காது, இன்னொன்று தனக்கு வேண்டியதை மட்டும் கேட்கும், தவில் வேண்டுமா என்று கேட்டதற்கு, "தவிலும் வந்தா உங்க ஓடு எறங்கிரும் தம்பி, மழைக்காலம்" என்று தனியாகவே வந்துவிட்டவர். அவர் இப்போது மேலே போய்க்கொண்டிருக்கிறார், தோடி அவரைத் தூக்கிக்கொண்டு போகிறது, இறங்கட்டும், மெதுவாக இறங்கட்டும், இறங்கிவிட்டால் மருதையன் பேசவேண்டும், பேசவேண்டும் என்றால் மூன்று தெரு என்று சொல்லவேண்டும்.

அதுதான் ஊர் வழக்கம். ஒரு தெருவில் சாவு விழுந்தால், எடுக்கும்வரைக்கும் அந்தத் தெருக் குழாய் வாயைத் திறக்கக்கூடாது, மற்றத் தெருக்காரர்கள் பாட்டுக் கேட்கலாம், குற்றமில்லை, செத்தவர் அவர்கள் தெருக்காரர் இல்லையே. சாவு வீட்டுக்காரர் முதலில் ஆள் அனுப்புவது வெட்டியானுக்கு, அடுத்தது மருதையனுக்கு. மேலத் தெருவில் பெரிய பண்ணையின் தாயார் போனபோது, அழுதுகொண்டே வந்த கணக்குப்பிள்ளை, "மொதல்ல குழாய நிறுத்துய்யா, கெழவி எந்திரிச்சு ஒக்காந்துரப்போவுது" என்றார். முடிக்கும்போது எப்போதும் மேலத் தெரு, வடக்குத் தெரு, கீழத் தெரு, தெற்குத் தெரு, நாலு தெருவுக்கும் வணக்கம் என்பான், தெற்குத் தெரு என்னும்போது மட்டும் குரல் ஒரு பிடி கீழே இறங்கும், கவனித்தவர் யாருமில்லை, ஒருத்தி கவனித்திருப்பாள் என்று மூன்று வருஷமாக ஒரு நம்பிக்கை. தெற்குக் குழாய்க்கு ராசி உண்டு என்றும் அவனுக்கு எண்ணம். குழாய் என்பது வெறும் தகரம்தான், அதன் பிட்டத்தில் மாட்டுகிற யூனிட்தான் கத்தும், அது கத்தினால் பக்கத்தில் காக்கை அண்டாது, ஆனால் தெற்குக் குழாய்க்குள் மட்டும் ஒரு மைனா கூடு கட்டிக் குஞ்சு பொரித்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது, நாயனமா தவிலா எதற்கும் அசையாது. சங்கீத ஞானமுள்ள மைனா என்று மருதையன் காதர் மைதீனிடம் சொல்ல, அவர் ஆற்றிய டீயை அப்படியே நிறுத்தி, "அது செவிட்டு மைனாவா இருக்கும் தம்பி" என்றார். இருக்காது. தெற்குத் தெருவைப் பார்த்தபடி ஒரு வீடு, அதற்காகத்தான் வந்திருக்கும், தனக்கு மட்டும் அப்படி ஒரு வீடு கிடைத்தால்...

வேம்பு. அரங்கம் தொடங்கும் நேரத்துக்கு எதிரே இருக்கும் புங்கமரத்தடியில் வந்து நிற்பாள், நடவிருந்தால் நடவுச் சேற்றோடு, அறுப்பிருந்தால் வைக்கோல் தூசியோடு, ஒரு நாள் தவறியதில்லை. புருஷன் கண்டித் தோட்டத்துக்குப் போனவன், போனது போனதுதான். நடவுப் பாட்டில் அவள் முதல் அடி எடுத்தால் பக்கத்து வயல் ஆட்களும் நாற்றை விட்டு நிமிர்வார்கள், அதனால் பக்கத்து வயல்காரர் பண்ணையிடம் வந்து சண்டை போட்டிருக்கிறார், இதுவும் பொய்யில்லை. தெற்குத் தெருவுக்கும் இந்த இடத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், மூங்கில் பாலம், வழுக்கும் வரப்பு, அரை மைல் இருக்கும். அந்தத் தெருவைப் பார்த்துத்தான் குழாய் இருக்கிறதே, வீட்டில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டு கேட்கலாமே, பின் எதற்காக ஒருத்தி நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்துவிட்டு இருட்டுக்கட்டும் நேரத்தில் அரை மைல் நடந்து வரவேண்டும்? இதை அவன் எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டான், எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான் வந்தது. ஒரு தடவை துணிந்து கேட்டும்விட்டான், ஒங்க தெருவுலயே கேக்கலாமே என்று. "அங்க கேக்குறது கேட்டாப்புல இல்லீங்க, இங்க வந்து கேட்டாத்தான் கேட்டாப்புல இருக்கு" என்றாள், என்ன ஒரு பேச்சு, அன்று இரவு அவன் சாப்பிடவில்லை, அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மூன்று போகம் ஓட்டிவிட்டான். காத்தானிடமும் சுற்றி வளைத்து விசாரித்தான், ஒங்க தெருவுல ரேடியோ எப்படிக் கேக்குது, ஏதாச்சும் குறை உண்டா? காத்தான் அவன் முகத்தைப் பார்த்து, "ஒரு கொறையும் இல்லீங்க, தொந்தரவே கெடையாது" என்றான். போய்ப் பார்த்திருக்கலாம், ஆனால் ரேடியோ பேசும் நேரத்தில் ஆபரேட்டர் ரேடியோவை விட்டு எப்படிப் போவான், பகலில் போனால் ரேடியோ பேசாது.

நேற்று அவளாகவேதான் வாசற்படி அருகே வந்தாள். "நாளைக்கி நான் பாடுறேன், எடம் இருக்குமா?" அவன் எத்தனை முறை கூப்பிட்டும் வராதவள், தெற்குத் தெரு ஆள் யாரும் இதுவரை அறைக்குள் வந்ததில்லை, வரக்கூடாது என்று சட்டம் இல்லை, போர்டு இல்லை, எழுதாமலேயே எல்லோரும் படித்திருந்தார்கள். இருக்கு, நாற்காலியே போடுறேன் என்றான். "தலைவரு ஏசமாட்டாரா?" ஏசட்டும். "நான் என்ன பாட்டுப் பாடுவேன்னு தெரியுமா?" என்று, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மெதுவாக ஒரு அடி எடுத்தாள், நாத்துமுடி என் கையில, நட்ட நெலம் யார் பையில... அந்தப் பாட்டு மேலத் தெருக் குழாயில் போனால் என்ன ஆகும், வேலை போகும், போகட்டுமே, வேலை போனவனுக்கு நடவு வேலை கிடைக்காதா. "எங்க தெருவுக்குக் கேக்குமா?" என்றாள். ஒங்க தெருவுக்குத்தான் மொதல்ல கேக்கும், நாலாவது சுவிட்ச நாந்தானே போடுறேன் என்றான். அவள் சிரித்தாள். அவ்வளவு நேரம் ஒரு மனுஷி சிரித்து அவன் பார்த்ததில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டு, "போடுங்க, போடுங்க" என்று சொல்லிக்கொண்டே வரப்பில் இறங்கிப் போனாள், பாலம் தாண்டும்வரை தோள் குலுங்கியது. சந்தோஷத்தில் சிலர் அப்படித்தான். அப்படித்தானே? இன்று மத்தியானம் காதர் மைதீனின் மடக்கு நாற்காலியை இரவல் கேட்டபோது, "யாருக்கு தம்பி, மாப்பிள்ளை பாக்க வர்றாங்களா?" என்றார், எடுத்துக் கொடுத்தார், துடைத்தும் கொடுத்தார். அது இதோ மைக்குக்கு எதிரில் விரித்தபடி இருக்கிறது. குஞ்சிதபாதம் வந்ததும் நாயன உறையை அதன்மேல் வைத்தார், மருதையன் எடுத்துத் தரையில் வைத்தான், அவர் மறுபடி வைத்தார், இவன் மறுபடி எடுத்தான், "யாருக்கு?" என்றார், ஒரு கலைஞருக்கு என்றான்.

காலையில்தானே எல்லாம். இந்த நில விவகாரம் இல்லாவிட்டால் இன்று ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. நில உச்சவரம்புச் சட்டம் வருகிறது என்று காற்றில் சேதி வந்ததுமே பெரிய பண்ணை தன் நிலத்தைப் பிள்ளை பேரில், மருமகள் பேரில், செத்துப்போன சித்தப்பா பேரில், எல்லாம் தீர்ந்து கடைசியில் களத்து நாய் பேரிலும் எழுதிவைத்தது, அந்த நாய் அதற்கப்புறம் எந்த வரப்பிலும் காலைத் தூக்கவில்லை, சொந்த நிலம் ஆயிற்றே. கேட்டவர்கள் சிரித்தார்கள், குறுவை அறுப்பு வந்தது, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுத் தெற்குத் தெரு வயலில் இறங்க மாட்டேன் என்றது, அதோடு சிரிப்பு நின்றது. இன்று விடிகாலை வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து நாயின் வயலில் இறக்கினார்கள். வரப்பில் சிவப்புக் கொடியோடு தெற்குத் தெரு, பெண்கள் முன்னால், முன்னால் நின்ற பெண்களில் யார் முன்னால் என்று கேட்கவே வேண்டாம். கம்பு சுற்றினார்கள் என்றார்கள், போலீஸ் வேன் வந்தது என்றார்கள், ஒரு கட்டை வண்டியில் யாரையோ போட்டு மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள், போன வண்டி நீடாமங்கலம்கூடத் தாண்டாமல் திரும்பியது என்றார்கள். காதர் மைதீன் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பொம்பளையாளு ஒருத்தருக்கும் அடின்னு பேசிக்கிறாங்க தம்பி" என்றார். யாருன்னு சொன்னாங்களா? "சொல்லலை." நீங்க கேக்கலையா? "நீ கேப்பேன்னு தெரிஞ்சா கேட்டிருப்பேன்" என்றார். அதற்குமேல் அவர் போய் விசாரிக்கவில்லை, இவனும் போகச் சொல்லவில்லை, டீ ஏடு படிந்து அங்கேயே இருக்கிறது.

செத்தது தெற்குத் தெருச் செல்லான் கிழவனாக இருக்கலாம். ஏன் இருக்கக்கூடாது? கட்டிலில் கிடந்து எத்தனை காலம் ஆயிற்று, இரண்டு தடவை செத்து, ஒரு தடவை பாடையில் வைத்துக் கட்டும்போது எழுந்து புகையிலை கேட்ட ஆள், மூன்றாவது தடவைக்கு இன்றைக்கு நாள் பார்த்திருக்கலாம். செல்லானாக இருக்கட்டும், ஆண்டவனே செல்லானாக இருக்கட்டும், நல்ல மனுஷன், ஒரு கெடுதல் செய்யாதவர், போன பொங்கலுக்குத் தன்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவர், அவர் செத்துப்போயிருக்கட்டும். ச்சே. என்ன நினைப்பு இது, ஒரு நாயனச் சத்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு கிழவனைக் கொல்கிறாயே. ஆனால் செல்லானுக்காகக் காத்தான் ஏன் அப்படி நின்றான்? கண் சிவந்திருந்ததா? சாயங்கால வெளிச்சத்தில் எல்லார் கண்ணும் சிவப்புத்தான். அணைச்சிருங்க என்றான், அதற்குமேல் ஒன்று சொன்னானே, நாயனம் தொடங்குவதற்கு முன்னால், இல்லை, தொடங்கிய பிறகு, உதட்டைப் பார்த்துத்தான் மருதையன் புரிந்துகொண்டான்... "எல்லாத் தெருவுக்கும் அணைக்கிறீங்கல்ல, எங்களுக்கும் அணைங்க." அதில் ஏன் அத்தனை கோபம்? அணைக்க மாட்டேன் என்று இவன் எப்போது சொன்னான்? கேட்டதும் அணைத்தானே. அணைத்தபோது... ஆமாம், அணைத்தபோது மேலே ஒரு குழாய் நின்றால் சத்தத்தில் ஒரு பள்ளம் விழுமே, மேலத் தெருவை அணைத்தால் பல் பிடுங்கிய மாதிரி தெரியும், இன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை, குஞ்சிதபாதத்தின் நாயனம் அப்படி, நாலு குழாய்க்கு உரியதை மூன்றே குடித்துவிட்டது.

இறங்கிவிட்டார். தோடி ஒரு இழுப்பில் வந்து தரையைத் தொட்டது, குஞ்சிதபாதம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கேட்கும் காதை இவன் பக்கம் திருப்பி, "போதுமா தம்பி, இன்னும் ஒண்ணு வாசிக்கவா?" என்றார். வாசியுங்கள், விடியும்வரை வாசியுங்கள் என்று சொல்லத்தான் நினைத்தான், போதுங்கய்யா என்று வாய் சொன்னது. மைக் அவனைப் பார்க்கிறது. ஜன்னல் வழியே புங்கமரம் தெரிகிறது, அடியில் யாருமில்லை, இருட்டு மட்டும் அவள் உயரத்துக்கு நிற்கிறது. "திருவிடைமருதூர் வித்வான் குஞ்சிதபாதம் அவர்களின் நாயனம் கேட்டீர்கள்... மேலத் தெரு, வடக்குத் தெரு, கீழத் தெரு..." அங்கே நின்றுவிட்டது. நாக்கு நாலாவது தெருவுக்குப் போய்ப் பழகிய நாக்கு. நிறுத்திய இடத்தில் ஒன்று வந்து மோதியது, மூன்று வருஷத்தில் தெற்குத் தெருவில் சாவே விழவில்லையா? விழுந்ததே, இவனே பறைச் சத்தம் கேட்டிருக்கிறானே, பாம்பு கடித்து ஒரு பிள்ளை, பிரசவத்தில் ஒருத்தி, போன மாசிகூட ஒன்று, அப்போதெல்லாம் யாரும் வந்து அணைக்கச் சொல்லவில்லையே, ஒரு தடவைகூட இல்லையே, சாவிலும் அவர்களுக்குப் பாட்டு வேண்டும்போல என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தான். பின் இன்றைக்கு மட்டும் ஏன்? இன்றைக்குச் செத்தவருக்கு மட்டும் என்ன? அனுப்பியது யார்? அவளுக்காக அவர்கள் அனுப்பினார்களா, இல்லை வேறு யாருக்காகவோ அவளே அனுப்பினாளா? அவள் அனுப்பியிருந்தால் உயிரோடு இருக்கிறாள், இருந்தால் ஏன் வரவில்லை? விடை வருகிற மாதிரி வந்து, வாய்க்கால் மதகில் தழை சிக்குகிற மாதிரி எங்கேயோ சிக்கிக்கொண்டது.

"மூணு தெருவுக்கும் வணக்கம்" என்று எப்படியோ முடித்தான். முடித்து மூன்று சுவிட்சையும் ஒவ்வொன்றாக அணைத்தான், மேலே மூன்று பள்ளம் விழுந்தது, ஊர் அமைதியானது, தவளைச் சத்தம் உள்ளே வந்தது. பிறகு, மனுஷன் செய்கிற காரியமா இது, சாவு விழுந்த தெருவின் சுவிட்சை, நாலாவது சுவிட்சை, மேலே தள்ளினான். பிணம் கிடக்கும் தெருவுக்குக் குழாய் பேசினால் பாவம், தெரியும். அவள் உயிரோடு இருந்தால் கேட்டுவிட்டு வருவாள், பிணமே அவளானால்... கேட்கட்டும், அவள் கேட்காமல் போகிற பாவத்தைவிட இது பெரிதில்லை. மற்ற மூன்று தெருவுக்கும் இதில் பங்கில்லை, தெற்குத் தெருவுக்கு மட்டும், அவள் வாசலுக்கு மட்டும். குஞ்சிதபாதம் நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தார், அவருக்குக் கேட்காத காது இந்தப் பக்கம். மைக்கை வாயருகே இழுத்து, மூன்று வருஷமாக ஒரு பிடி கீழே இறங்கிய குரலை இன்னும் கீழே இறக்கி, "வேம்பு" என்றான், முதல் தடவையாகப் பேரைச் சொன்னான், "நாற்காலி போட்டபடியே இருக்கு. பாட்ட மாத்த வேண்டாம், அந்தப் பாட்டையே பாடு. நான் பெட்டிய மூடல." சொல்லிவிட்டு நிமிர்ந்து காது கொடுத்தான், தன் குரல் உச்சியிலிருந்து ஒரு துளிகூட இந்தப் பக்கம் சிந்தவில்லை, தவளைகள்கூட நிறுத்தவில்லை, அத்தனையும் முழுசாக, அப்படியே தெற்கே போய்விட்டது, பரவாயில்லை, நல்ல குழாய் என்று நினைத்தான், நினைத்துக்கொண்டே ஜன்னலில் புங்கமரத்தடி இருட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

தெற்குக் குழாய்க்குப் பின்னால் யூனிட் கிடையாது, கம்பம் நட்ட நாளிலிருந்தே கிடையாது.